மூன்றாம் மாதப் படிவம்

பெயர்: பாவாடை. வயது ஐம்பத்து நான்கு.
ஊர்: கடலூர் முதுநகர், சிங்காரத்தோப்பு.
மூளையில் ரத்தக்கசிவு, இடப்பக்கம்.
புதுச்சேரியில் பத்தொன்பது நாள் படுக்கை.
வலது கை வரவில்லை. பேச்சு
பாதி வருகிறது, மீதி
தொண்டைக்குக் கீழே எங்கோ
நங்கூரம் போட்டு நிற்கிறது.

பேருந்தில் வரும்போதே பார்த்துவிட்டேன்
எங்கள் கணக்கு அவருக்குத் தந்த எண்ணை:
நூற்றுக்குப் பதினேழு.
மனைவி உடனிருக்கிறார், குடி இல்லை,
முன்பு மனச்சோர்வு வந்ததில்லை, துறைமுகத்தில் வேலை.
அதாவது இந்தத் தாழ்வு நிலை
வேறெங்கோ கரையைக் கடக்கும்.

அஞ்சலாட்சி நாற்காலி போட்டார்.
கடந்த இரண்டு வாரத்தில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா
என்று தொடங்கினேன்.
ஒரு நாளும் இல்லை என்றால் சுழியம்,
தினமும் என்றால் மூன்று விரல்,
இடைப்பட்டதற்கு இடைப்பட்ட விரல்.

இடது கையை மடித்தே வைத்திருந்தார்.
சுழியம். சுழியம்.
தூக்கத்துக்கு மட்டும் இரண்டு.
அசதிக்கு இரண்டு, அது
இந்த நோய் கண்ட எல்லோருக்கும் உண்டு.
ஒன்பதாவது கேள்வியை
நான் எப்போதும் கொஞ்சம் வேகமாகத்தான் கேட்பேன்,
பதில் வந்துவிடக் கூடாது என்பதுபோல.
அதற்கும் சுழியம்.

மொத்தம் நான்கு.
நல்லா இருக்காருங்க என்றேன்.
பேனாவை மூடினேன்.

அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில்
தென்கிழக்கு வங்கக் கடலில்
காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றார்கள்.
(என் படிவத்தின் தலைப்பிலும்
அழுத்தம் என்ற சொல் இருக்கிறது.)
அஞ்சலாட்சி அவரைப் பார்த்தார்.
அவர் சுவரைப் பார்த்தார்.

"இதக் கேட்டா சோத்துத் தட்ட வுட்டுட்டு ஓடுவாரும்மா.
இருவத்தாறு வருசம்
கொடிமரத்துல கூண்டு ஏத்துனவரு.
தானே புயலப்பகூட
வூட்டு ஓடு பறக்குது, இவரு
கயித்தப் புடிச்சிகிட்டு அங்க நிக்கிறாரு.
இப்ப மூணு மாசமா
வானம்னு ஒண்ணு இருக்கறதே
தெரியாத மாதிரி இருக்காரு."

என் தாளில் வானத்துக்குக் கட்டம் இல்லை.
கேள்வியை மாற்றிக் கேட்கக் கூடாது என்று
பயிற்சியில் இரண்டு நாள் சொல்லியிருக்கிறார்கள்.
எழுந்தவள் உட்கார்ந்தேன்.

ஐயா, இன்னிக்கு எத்தனாம் நம்பர் கூண்டு?

வெகுநேரம் ஆயிற்று.
பூனை ஒன்று உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது.
பிறகு அந்த இடது கை அவிழ்ந்தது, ஐந்து.
மூடித் திறந்தது, இன்னுமோர் ஐந்து.
அப்புறம்
ஒரே ஒரு விரல்.

பத்துக்கு மேலும் கூண்டு உண்டென்று
எனக்குத் தெரியாது.
அஞ்சலாட்சி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டார்.
"பதினொண்ணுன்னா பெரிய புயல் இல்லம்மா.
கம்பி அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.
ஆபீசுலேர்ந்து சேதி வரல,
இனிமே என்ன வரும்னு
சொல்ல ஆள் இல்லன்னு அர்த்தம்."

வாசலுக்கு வந்து மருத்துவருக்குப் போன் போட்டேன்.
ஸ்கோர் எவ்வளவு என்றார்.
நாலு சார்.
நாலுக்கு எதுக்கு அனுப்புற?
சார், துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்கள்ல, என்று ஆரம்பித்து
எங்கே முடிப்பதென்று தெரியாமல் நின்றேன்.
அந்தப் பக்கம் வார்டில் யாரோ இருமினார்கள்.
வியாழக்கிழமை கூட்டிட்டு வா என்றார்.

இன்றிரவு கணினியில் ஏற்றும்போது
அது மூன்றுக்கு மேல் எந்த எண்ணையும் வாங்காது.
ஓரத்தில் பேனாவால் எழுதி
அடியில் கோடு போட்டேன்.

வெறும் வயித்தோட வரணுமா
என்று கேட்டார் அஞ்சலாட்சி.
வேணாம், சாப்ட்டே வாங்க.
எந்த பஸ், எத்தனை மணி, எந்தக் கட்டடம் என்று
நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன்.
அவர் இன்னும் இறக்கவில்லை அந்த விரலை.
வெளியே முருங்கைமரம்
ஓர் இலைகூட அசையாமல் நின்றது.